நூறாண்டுத் தண்ணீர்ப் பத்திரம்

2023 ஜூன் 1 அன்று அரிசோனா மாநில ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் செய்தியாளர்களிடம் ஒரு நிலத்தடி நீர் அறிக்கையை வெளியிட்டார். மறுநாள் உலகப் பத்திரிகைகளில் அது வேறு உருவம் எடுத்தது. ஃபீனிக்ஸ் நகரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, இனி அங்கே யாரும் வீடு கட்ட முடியாது என்கிற தொனியில் தலைப்புகள். அறிக்கை சொன்னது அதுவல்ல. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் இப்போது நடக்கும் வேகத்தில் நிலத்தடி நீரை இறைத்தால், அடுத்த 100 ஆண்டுகளின் மொத்தத் தேவையில் சுமார் 4 சதவீதம், அதாவது 48.6 லட்சம் ஏக்கர்-அடி, கிடைக்காமல் போகும் என்பது அதன் கணக்கு. ஆகவே கிணற்று நீரை மட்டும் காட்டிப் புதிய மனைப்பிரிவுக்குச் சான்றிதழ் கேட்டால் மாநிலம் இனித் தராது. ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற சுமார் 80,000 மனைகளில் வீடு எழுப்பத் தடையில்லை.

ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்; ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர். அந்த ஊரில் மூன்று குடும்பங்களுக்கு ஓராண்டுக்குப் போதும் என்பார்கள்.

தலைப்புகளின் கூச்சல் அடங்கிய பிறகு எஞ்சியதுதான் சுவாரஸ்யமானது. ஃபீனிக்ஸில் ஒரு வீட்டுக்குக் கேட்கப்படும் விலையில் செங்கல், ஓடு, நீச்சல் குளம் எல்லாம் ஒரு பங்குதான். அந்த மனைக்கு எந்தத் தண்ணீரை, எந்த ஆண்டில், எந்தச் சட்டப்படி எழுதிக் கொடுத்தார்கள் என்பது இன்னொரு பங்கு. பத்திரத்தின் இந்தப் பகுதியைப் படிக்காமல் அந்த ஊரின் மனை வணிகச் செய்திகளைப் புரிந்துகொள்ள முடியாது.

சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஹோஹோகாம் என்று அறியப்படும் தொல்குடியினர் பல நூற்றாண்டுகள் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தார்கள். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த வாய்க்கால்கள் கைவிடப்பட்டன. 1867இல் ஜாக் ஸ்விலிங் என்பவர் கம்பெனி தொடங்கி அவற்றின் தடத்திலேயே மறுபடி மண்ணை வெட்டித் தண்ணீர் விட்டார். ஊர் அதன் கரையில் முளைத்தது. ஆனால் சால்ட் ஆறு ஓராண்டு வெள்ளமாக வரும், மறு ஆண்டு மணலாகக் கிடக்கும். அணை கட்ட ஒன்றிய அரசிடம் கடன் கேட்ட விவசாயிகள் அடமானமாக வைத்தது தங்கள் நிலத்தையே. 1903இல் அவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம்தான் இன்றைய சால்ட் ரிவர் புராஜெக்ட். ரூஸ்வெல்ட் அணை 1911இல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நீதிபதி எட்வர்ட் கென்ட் ஒரு தீர்ப்பு எழுதினார்: எந்த நிலத்துக்கு எந்த ஆண்டில் முதன்முதலாகத் தண்ணீர் பாய்ந்தது என்று பார்த்து, முந்தி பாய்ச்சியவருக்கு முந்திய உரிமை. அந்த உரிமை ஆளைச் சேர்ந்ததல்ல, நிலத்தோடு போவது.

சங்கத்தின் எல்லைக்கோட்டுக்குள் இருந்த பருத்தி வயல்களும் ஆரஞ்சுத் தோப்புகளும் பின்னர் மனைகளாகிவிட்டன. தண்ணீர் உரிமை மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை. விளைவை நார்த் சென்ட்ரல் அவென்யூ பக்கம் இன்றும் பார்க்கலாம். வீட்டைச் சுற்றிப் புல்வெளி, அதைச் சுற்றிச் சாண் உயர மண் வரப்பு, மூலையில் ஒரு திருகு மடை. கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வரும். பெரிய வாய்க்காலிலிருந்து தெருவுக்கு விடுவது சங்கத்தின் ஆள். அவரை இன்னமும் சன்ஹெரோ என்று ஸ்பானியப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டி அவரைக் கண்டால் தன் தொழில்காரர் என்று உடனே கண்டுகொள்வார். தெருவுக்கு வந்த பிறகு அது வீட்டுக்காரர் பாடு. முறை இரவு 2 மணிக்கு விழுந்தால் 2 மணிக்கு எழுந்து, டார்ச் விளக்கோடு மடையைத் திறக்க வேண்டும்; நேரம் முடிந்ததும் அடைக்க வேண்டும். தவறினால் அடுத்த வீட்டுக்காரரின் முறையில் குறையும், அல்லது தெருவில் ஓடும். காலையில் புல்வெளி முழுக்கக் கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்க, நாரைகள் இறங்கியிருக்கும். குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஆண்டுக்கு 8 அங்குலத்துக்கும் குறைவாக மழை பெய்யும் ஊரில் இப்படியொரு காட்சி அபத்தம் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். அந்த வீடுகளை விற்பவர்களுக்கு அது விளம்பர வாசகம்.

அந்தத் தண்ணீர் வளர்த்த மரங்கள் தரும் நிழலுக்கும் விலை உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

1950இல் ஃபீனிக்ஸின் மக்கள்தொகை 1,06,818. 2020இல் 16,08,139, அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம். இந்தப் பெருக்கத்துக்குக் குளிர்சாதனம் காரணம் என்பார்கள். வீடு விற்கத் தெரிந்தவர்களும் அதே அளவுக்குக் காரணம். ஜான் எஃப். லாங் 1950களில் மேற்குப் பகுதியில் மேரிவேல் என்று மனைவியின் பெயரில் ஒரு புறநகரையே மலிவு வீடுகளால் நிரப்பினார். டெல் வெப் 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டியைத் திறந்தார்: பணி ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமான ஊர், கோல்ஃப் மைதானத்தோடு. முதல் வார இறுதியில் மாதிரி வீடுகளைப் பார்க்க ஒரு லட்சம் பேர் வந்ததாகச் சொல்வார்கள். பனி பெய்யும் ஊர்க்காரர்களுக்கு வெயிலையே சரக்காக விற்கலாம் என்று அவர் காட்டினார்.

இந்த வீடுகளில் பல சால்ட் ரிவர் புராஜெக்ட் எல்லைக்கு வெளியே. அங்கே கிணறுதான். நீர்மட்டம் இறங்கியது, ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே சில இடங்களில் நிலமே தாழ்ந்து வெடிப்பு விட்டது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவர 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 336 மைல் நீளம். வழியில் ஏறக்குறைய 2,900 அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். கலிஃபோர்னியா தன் ஆதரவுக்கு ஒரு விலை வாங்கிக்கொண்டது: ஆற்றில் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கால்வாயின் பங்கு. பாலைவனத்தில் ஒரு பெருநகரம் இந்த நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டது என்பதை நினைத்தால் வியப்புதான்.

ஒன்றிய அரசும் ஒரு நிபந்தனை வைத்தது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தாவிட்டால் கால்வாய்க்குப் பணம் வராது என்று உள்துறைச் செயலர் செசில் ஆண்ட்ரஸ் மிரட்டினார். ஆளுநர் புரூஸ் பேபிட் சுரங்கத்தார், விவசாயிகள், நகராட்சிகள் மூவரையும் உட்காரவைத்துப் பேசி 1980இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஃபீனிக்ஸ் போன்ற வட்டாரங்களில் மனைப்பிரிவு போடுகிறவர், 100 ஆண்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க இரண்டு வழிகள். ஊரின் குடிநீர் வழங்குநரே தன் மொத்த எல்லைக்கும் 100 ஆண்டு ஏற்பு வாங்கியிருந்தால் மனை போடுகிறவருக்குக் கவலையில்லை. ஃபீனிக்ஸ், மேசா, சாண்ட்லர், ஸ்காட்ஸ்டேல் நகரங்கள் இப்படி. ஏற்பு இல்லாத ஊராக இருந்தால் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் தனித்தனியாகச் சான்றிதழ்.

நிலத்தடி நீரை மட்டும் நம்பி மனை போட முடியாது என்று வீட்டு வணிகர்கள் முணுமுணுத்தபோது 1993இல் ஒரு சந்து திறந்தது. உள்ளூரில் கிணறு போட்டு இறைத்துக்கொள்ளலாம். இறைத்த அளவை ஒரு பொது அமைப்பு வேறொரு இடத்தில் பூமிக்குள் விட்டு ஈடுசெய்யும். செலவை அந்த வீட்டில் குடியிருப்பவர் சொத்துவரியோடு சேர்த்துக் கட்டுவார். மனை போட்டவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர் பில்லில் அந்த வரி மட்டும் ஆண்டுதோறும் வரும். ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் நிரப்பினால் எடுத்த இடத்துக் கிணறு ஊறாது என்பதற்கு நிபுணர் தேவையில்லை. பக்கை என்ற மேற்குப் புறநகர் இந்த வழியில்தான் வீங்கியது. 2000இல் அங்கே 6,537 பேர், 2020இல் 91,502. அதன் பாலைவனப் பகுதியில் டெராவாலிஸ் என்ற பெயரில் ஒரு லட்சம் வீடுகளுக்குத் திட்டம் போடப்பட்டிருக்கிறது. ஹாப்ஸ் 2023 ஜனவரியில் பதவியேற்றதும், அதுவரை வெளியிடப்படாமல் இருந்த அந்தப் பகுதியின் நீர்க்கணக்கை வெளியிட்டார். பற்றாக்குறை 15 சதவீதம் என்றது அது.

ஆக, ஜூனில் நின்றது நகரமல்ல, நகரத்தின் விளிம்பு. மலிவு வீடு தேடும் இளம் குடும்பங்கள் போவது அந்த விளிம்புக்குத்தான் என்பதால் அடி அவர்கள்மேல் விழுந்தது.

தடை வந்ததும் பணம் வேறு வழி தேடியது. 1980 சட்டம் மனைகளாகப் பிரித்து விற்பதைத்தான் மனைப்பிரிவு என்கிறது. ஒரே நிலத்தில் இருநூறு தனி வீடுகளைக் கட்டி, ஒன்றையும் விற்காமல், ஓராண்டுக்கு மிகாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டால்? அது மனைப்பிரிவே இல்லை, சான்றிதழும் வேண்டாம். ஒரே குழாய், ஒரே கிணறு, அதே எண்ணிக்கைக் குடும்பங்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் வேறு. வாடகைக்கென்றே கட்டப்படும் தனி வீட்டுக் குடியிருப்புகளுக்கு ஃபீனிக்ஸ் வட்டாரம் ஏற்கெனவே நாட்டில் முன்னணி. தண்ணீர் விதி, தெரிந்தோ தெரியாமலோ, சொந்த வீட்டுக்குப் பதில் வாடகை வீட்டை ஊக்குவிக்கும் விதியாகிவிட்டது. வாங்குகிறவரைக் காக்கப் பிறந்த சட்டத்துக்கு இதைவிட விசித்திரமான கதி வேண்டாம்.

வாடகையின் கதை அங்கே நீளமானது. 2006 உச்சத்திலிருந்து 2011க்குள் ஃபீனிக்ஸ் வீட்டு விலைகள் பாதிக்கு மேல் சரிந்தன. ஜப்தியான வீடுகளைப் பெருமுதலீட்டாளர்கள் கொத்துக் கொத்தாக வாங்கினார்கள். பிளாக்ஸ்டோன் தன் வாடகை வீட்டு நிறுவனத்துக்காக முதல் வீட்டை வாங்கியது 2012இல், இந்த ஊரில்தான். இணையத்தில் விலை சொல்லி வீட்டை நேரடியாக வாங்கும் ஓபன்டோர் 2014இல் தொடங்கியதும் இங்கேதான். ஒரே மாதிரி அச்சில் வார்த்த ஓட்டு வீடுகள் வரிசையாக இருக்கும் ஊர் என்பதால் கணினிக்கு விலை கணிக்க எளிது. 2024 பிப்ரவரியில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் கிரிஸ் மேயஸ், வாடகை நிர்ணயிக்கும் மென்பொருள் நிறுவனமான ரியல்பேஜ் மீதும் சில பெரிய வீட்டு உரிமையாளர்கள்மீதும், கூடிப் பேசி வாடகையை ஏற்றியதாக வழக்குத் தொடுத்தார். வீட்டு வாடகைமேல் நகராட்சிகள் போட்டுவந்த வரி 2025 ஜனவரி முதல் இல்லை. சிறு நிம்மதிதான்.

சட்டத்தின் இன்னொரு ஓட்டையில் விழுந்தவர்களின் கதை ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ். ஸ்காட்ஸ்டேல் நகருக்கு வெளியே, எந்த நகராட்சியிலும் சேராத மலையடிவாரம். சட்டப்படி ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்தால்தான் மனைப்பிரிவு. ஐந்தாகப் பிரித்தால் 100 ஆண்டு நிரூபணம் வேண்டியதில்லை. ஒருவர் ஐந்தாகப் பிரித்து விற்பார். வாங்கியவர் தன் துண்டை மறுபடி பிரிப்பார். கூட்டுச் சேர்ந்து இப்படிச் செய்வது சட்டவிரோதம். கூட்டு என்று நிரூபிப்பது யார்? குதிரை வளர்க்கலாம், மலை தெரியும், நகராட்சி வரி கிடையாது என்று ஆசைப்பட்டு வந்து குடியேறியவர்கள் சுமார் 2,000 பேர். பலருக்குக் கிணறு இருந்தது. மற்ற சில நூறு வீடுகளுக்கு டேங்கர் லாரி வந்து நிலத்தடித் தொட்டியை நிரப்பும். லாரி ஸ்காட்ஸ்டேல் நகராட்சிக் குழாயில் பிடித்துவரும்.

2021 ஆகஸ்ட்டில் கொலராடோ ஆற்றில் முதல் பற்றாக்குறை அறிவிப்பு வந்தது. 2022இல் அரிசோனாவுக்கு வரவேண்டியதில் 5.12 லட்சம் ஏக்கர்-அடி வெட்டு. எங்கள் குடிமக்களுக்கே தண்ணீரை எண்ண வேண்டிய நேரத்தில் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஏன் தரவேண்டும் என்றது ஸ்காட்ஸ்டேல். முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு சாரார் தங்களுக்கென்று தண்ணீர் வாரியம் அமைக்க முயன்றார்கள். இன்னொரு சாரார், வாரியம் என்றால் வரி, வரி என்றால் அரசாங்கம் என்று எதிர்த்தார்கள். மாவட்ட நிர்வாகமும் மறுத்துவிட்டது. 2023 ஜனவரி 1 அன்று ஸ்காட்ஸ்டேல் குழாயை அடைத்தது. லாரிகள் எங்கெங்கோ போய்ப் பிடித்துவந்தன, விலை எகிறியது. கழிப்பறைக்கு மழைநீரைச் சேர்த்தார்கள், பாத்திரம் கழுவாமல் இருக்கக் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். சில வீடுகளின் மதிப்பு பல லட்சம் டாலர்கள் என்பதால் தொலைக்காட்சிகளுக்கு நல்ல விருந்து.

ஜூனில் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு, 2025 இறுதிவரை தற்காலிகமாகத் தண்ணீர் கிடைக்க வழி செய்தது. நிரந்தரப் பொறுப்பு எப்கோர் என்ற நிறுவனத்துக்குப் போனது. நகராட்சியே வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீர் தரும் பொறுப்பை ஏற்றது கனடாவின் எட்மன்டன் நகராட்சிக்குச் சொந்தமான கம்பெனி.

பணம் உள்ள ஊர்கள் வேறு மாதிரி சமாளிக்கின்றன. தென்கிழக்குப் புறநகரான குவீன் கிரீக், கொலராடோ ஆற்றங்கரையில் சிபோலா என்ற சிற்றூரில் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கிப்போட்டிருந்த விவசாய நிலத்தின் தண்ணீர் உரிமையை 2 கோடி டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கியது. ஆண்டுக்கு 2,033 ஏக்கர்-அடி. 2023இல் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரத் தொடங்கியது. சுற்றுச்சூழல் ஆய்வு சரியாகச் செய்யப்படவில்லை என்று 2024இல் ஒன்றிய நீதிமன்றம் குறை சொன்னது. ஆற்றங்கரைக் கிராமங்களின் கவலை வேறு: வயலை விற்றவர் போய்விடுவார், பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் என்ன மிஞ்சும்?

நிழலுக்கு வருவோம். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43.3 செல்சியஸ், அல்லது அதற்கு மேல். ஃபீனிக்ஸ் அடங்கிய மேரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பம் தொடர்பான சாவுகள் 645. அடுத்த ஆண்டு 608. இறந்தவர்களில் வீடில்லாதவர்கள் ஏராளம். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் ஏசி இல்லை, அல்லது ஓடவில்லை. 2018இல் மின் கட்டண பாக்கி 51 டாலருக்காக இணைப்பு துண்டிக்கப்பட்ட 72 வயதுப் பெண் ஒருவர் வீட்டுக்குள் இறந்துகிடந்தார். அதன்பிறகு கோடை மாதங்களில் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது. தகர மேனியோடு வெயிலில் நிற்கும் நடமாடும் வீடுகளில் வசிப்பவர்கள் இந்தச் சாவுகளில் தங்கள் எண்ணிக்கைக்கு மீறிய பங்கு வகிக்கிறார்கள். வளாகத்தின் அழகு கெடும் என்று சன்னல் ஏசி மாட்ட அனுமதிக்காத உரிமையாளர்கள் இருந்தார்கள். 2024இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது.

ஒரே பிற்பகலில் மரம் அடர்ந்த பகுதிக்கும் மரமற்ற ஏழைப் பகுதிக்கும் இடையே பல டிகிரி வித்தியாசம். ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே மெக்சிகோ வம்சாவளியினரையும் கறுப்பினத்தவரையும் ஒதுக்கிவைத்த காலத்தில் அங்கே தெருமரம் நடப் பணம் போகவில்லை. இன்று தண்ணீர் மிச்சம் பிடிக்கப் புல்லைப் பெயர்த்துச் சரளைக்கல் கொட்டச் சொல்கிறது சிக்கனக் கொள்கை. தண்ணீர் மிச்சமாகும், முற்றம் அடுப்பாகும். இரவு 2 மணிக்கு மடை திறப்பவரின் மரமோ 1910 தீர்ப்பின் காவலில் நிற்கிறது.

அந்தத் தீர்ப்புக்கெல்லாம் முந்திய உரிமை யாருக்கு என்று கேட்டால், ஃபீனிக்ஸுக்குத் தெற்கே வாழும் அகிமெல் ஓஓதாம் மக்களைக் கைகாட்ட வேண்டும். கிலா ஆற்றில் பாசனம் செய்து கோதுமை விற்றவர்கள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலே குடியேறியவர்கள் ஆற்றைத் திருப்பிக்கொண்டதால் பஞ்சத்தில் விழுந்தார்கள். வழக்கும் பேச்சுவார்த்தையும் தலைமுறைகளாக நீண்டு, 2004இல் ஒரு சட்டம் கிலா ரிவர் பழங்குடிச் சமூகத்துக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி ஒதுக்கியது. கொலராடோக் கால்வாய்த் தண்ணீரில் மிகப் பெரிய பங்குதாரர் இப்போது அவர்கள்தான். அக்கம்பக்கத்து நகரங்கள் அவர்களிடம் போய்ப் பேச வேண்டியிருக்கிறது.

மாநிலம் மொத்தத்தில் பயன்படுத்தும் தண்ணீர் 1957இல் இருந்ததைவிடக் குறைவு என்று அரிசோனா நீர்வளத் துறை பெருமையோடு சொல்லும். மக்கள்தொகை அதற்குள் பல மடங்கு ஏறிவிட்டது. ரகசியம் பெரிதல்ல. ஒரு ஏக்கர் பருத்தி அல்லது குதிரை மசால் குடிப்பதைவிட ஒரு ஏக்கர் வீடுகள் குறைவாகக் குடிக்கின்றன. இந்தக் கணக்கை வைத்துத்தான் 2025 ஜூன் 30 அன்று ஹாப்ஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: விவசாயி பாசன உரிமையைக் கைவிட்டால் அதில் ஒரு பகுதியைக் காட்டி அந்த நிலத்தில் வீடு கட்டச் சான்றிதழ் பெறலாம். தடை விழுந்த இரண்டாண்டுக்குப் பிறகு பக்கைக்கும் குவீன் கிரீக்குக்கும் மறுபடி கதவு திறந்தது. நிலத்தரகர்களுக்கு இதில் ஒரு புதுப்பாடம் இருக்கிறது. வேலிக்கு அப்பால் கிடக்கும் கன்னிப் பாலைவனத்தைவிட, வேலிக்கு இப்பால் தண்ணீர் குடித்துப் பழகிய வயலுக்குத்தான் இனி மவுசு. எத்தனை ஆண்டு பாசனம் நடந்தது என்ற பதிவேடு விலைப்பட்டியலில் ஏறிவிட்டது. கொலராடோப் பற்றாக்குறையைக் கையாள 2007இல் எழுதிய விதிகள் 2026 இறுதியில் காலாவதியாகின்றன. கால்வாயில் எவ்வளவு வரும் என்று அடுத்த ஒப்பந்தம் சொன்ன பிறகுதான் பக்கை, குவீன் கிரீக் வயல்களுக்கு இறுதி விலை பேசுவார்கள்.